படுத்தால்தான் பணமா?

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் பொழுது புலர்வதே தறிச் சத்தத்தில்தான். நெய்த சேலைக்கே கூலி; தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அங்கே நீரிழிவு கண்ட ஒரு நெசவாளியை எண்ணிப் பாருங்கள். காலில் சிறு புண். கடைவீதி மருத்துவரிடம் காட்டினால் கட்டணம், இரத்தம் சோதிக்க வேறு கட்டணம், போதாக்குறைக்கு அரைநாள் கூலி இழப்பு. 'வெள்ளிக்கிழமை பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடுகிறார். வெள்ளிகள் பல போகின்றன. புண் அழுகி, பெரிய மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்த பின்னரே அவர் வீட்டுப் பெட்டியிலிருக்கும் காப்பீட்டு அட்டைக்கு உயிர் வருகிறது!

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக அது மாறியது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் என வரம்பும் உயர்ந்தது. இதனால் பிழைத்த உயிர்கள் பல. நன்றி மறப்பது நம் பண்பன்று. ஆனால் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் ஊர் மருத்துவரை நாடும் ஏழைக்கு அந்த அட்டையால் என்ன பயன்? அறுவைக்குப் பணம் உண்டு. அறுவை வராமல் காக்கும் கைக்குப் பணம் இல்லை. இது என்ன கணக்கு?

அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இலவசமாயிற்றே என்பர். உண்மைதான். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது, அதுவும் பாராட்டுக்குரியதே. எனினும் பகலெல்லாம் தறியில் நிற்பவன் இஷாவுக்குப் பின் திறந்திருக்கும் தெருமுனை மருத்துவரைத்தான் தேடுவான். அந்த மருத்துவரின் மேசையில் அட்டை செல்லவேண்டும் என்பதே நம் வழக்கு.

இது நடவாத கனவன்று. 1948இல் இயற்றப்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் முதற் காய்ச்சலிலிருந்தே மருத்துவம் தந்தது. மும்பை போன்ற இடங்களில் தனியார் மருத்துவரையே பதிவு செய்து, தொழிலாளி ஒருவருக்கு இவ்வளவு என ஊதியமும் அளித்தது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடங்கள் அதன் நிழலுக்கு வெளியே நின்றன. தாய்லாந்து 2002இல் சட்டமியற்றி, வெளிநோயாளர் சிகிச்சைக்குத் தலைக்கணக்கில் பணம் ஒதுக்கியது. அது குபேர நாடா என்ன?

இனி நம்மவர்களுக்கு ஒரு சொல். காப்பீடு ஹராம் என்று கூறி, அரசு அட்டையையே வாங்க விடாமல் தடுக்கும் நண்பர்கள் சிலர் உள்ளனர். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி வணிகக் காப்பீட்டைத்தான் விலக்கியது. கூட்டுதவி அடிப்படையிலான காப்பீட்டை ஆகுமென்றது. இங்கே ஏழை ஒரு காசும் கட்டுவதில்லை. கட்டுவது அரசின் கருவூலம். தான் விற்காததும் வாங்காததுமான ஒன்றில் அந்த ஏழைமேல் என்ன குற்றம்? மறுப்போர் ஆதாரத்தோடு மறுக்கட்டும். மிம்பர் படியில் நின்று அச்சுறுத்த வேண்டாம்.

பத்தாம் நூற்றாண்டில் பக்தாதின் அமைச்சர் அலீ இப்னு ஈஸா, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்தைப் பணித்து, மருத்துவமனையே இல்லாத சவாத் கிராமங்களுக்கு மருந்துப் பெட்டியோடு மருத்துவர்களை அனுப்பினார். நோயாளி பக்தாதுக்கு வந்து படுக்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முஸ்லிமல்லாதாருக்கும் மருத்துவம் உண்டு என்றே முடிவாயிற்று. இந்த வரலாற்றை மீலாது மேடையில் முழங்குகிறோம். மறுநாள் ஜமாஅத் கூட்டத்தில் மினாராவுக்கு இன்னொரு அடுக்கு எழுப்பத் தீர்மானம் போடுகிறோம்!

அரசு அட்டையை ஊர் மருத்துவமனைக்கும் விரிக்கட்டும். அதுவரை, தறிக்காரரின் சர்க்கரைச் சோதனைக்கும் முதல் மருந்துச் சீட்டுக்கும் ஆகும் தொகையைப் பைத்துல்மாலிலிருந்து மாதந்தோறும் தெருமுனை மருத்துவருக்குச் செலுத்த நம் ஜமாஅத்துகளுக்குத் தடை என்ன? அடுத்த ஜும்ஆவுக்குப் பின் இந்தக் கேள்வியை உங்கள் முத்தவல்லியிடம் கேளுங்கள்.