இது எங்கே எடுத்தது, எப்போ எடுத்தது?

ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் கை தானாகப் போவது செல்போனுக்குத்தான். நாம் தூங்கும் நேரத்தில் துபாய் மச்சான் தூங்குவதில்லை. ஜித்தாவில் இருக்கும் சாச்சாவும் தூங்குவதில்லை. விடிவதற்குள் குடும்பக் குரூப்பில் நாற்பது, தெரு குரூப்பில் நூறு என்று வந்து குவிந்திருக்கும். ஜும்ஆ முபாரக் (அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்தாலும்), ஜனாஸா அறிவிப்பு, மூட்டுவலிக்குக் கருஞ்சீரகம், அதற்கடுத்து காஸா. டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்றை வேறு குரூப்புகளுக்குத் தட்டிவிட்டு, "யா அல்லாஹ்" என்று ஒரு பெருமூச்சுடன் அன்றைய வேலையைத் தொடங்குகிறோம்.

அப்படித் தட்டிவிட்டதில் ஒன்று நம்மைச் சிக்கலில் மாட்டியது. இடிபாடுகளுக்குள்ளிருந்து ஒரு சிறுமியைத் தூக்கி வருகிறார்கள். உடம்பெல்லாம் சிமெண்டுத் தூசி. அவள் அழவில்லை, அதுதான் நெஞ்சைப் பிசைந்தது. 'காஸா, இன்று காலை' என்று கீழே எழுதியிருந்தது. ஐந்து குரூப்புக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்தில் அக்கா மகனிடமிருந்து போன். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான்.

"மாமா, அது காஸா இல்ல. சிரியா. அலெப்போவுல 2016ல எடுத்தது."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"வீடியோவ நிறுத்தி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸ்ல போட்டேன். ரெண்டு நிமிஷம்தான்."

நாம் சொன்ன பதில் இது: "இருந்தா என்னப்பா? அங்கேயும் இதேதானே நடக்குது?"

போனை வைத்த பிறகு அந்தப் பதில் நம்மை விடவில்லை. இதே வாசகத்தை வேறு எங்கோ, வேறு யார் வாயிலோ கேட்ட ஞாபகம்.

2020 மார்ச் கடைசி வாரம். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தங்கியிருந்த தப்லீக் ஜமாஅத்தினருக்குக் கொரோனா என்ற செய்தி வந்ததும் நாடு முழுக்க என்ன நடந்தது என்பது நம் வீட்டுப் பெண்களுக்கும் மறந்திருக்காது. போலீஸ்காரர் மீது ஒருவர் துப்பும் வீடியோ ஒன்று ஓடியது. 'மர்கஸிலிருந்து கொண்டு போகும்போது துப்புகிறார்கள்' என்று தலைப்பு. உண்மையில் அது மும்பையில், வேறொரு வழக்கின் விசாரணைக் கைதியைப் போலீஸ் வேனில் கூட்டிப்போனபோது நடந்தது. மர்கஸ் செய்தி வெளியாவதற்குப் பல நாட்கள் முந்தையது. தட்டில் மிச்சம் வைக்காமல் நக்கிச் சாப்பிடும் பழைய வீடியோவும் அப்படித்தான் புதுத் தலைப்போடு வந்தது. தள்ளுவண்டியில் காய்கறி விற்றவரிடம் பெயர் கேட்டு விரட்டினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை வெளிநாட்டுத் தப்லீக்காரர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருப்பதாகவே தெரிகிறது என்றது. ஊடகங்களின் பிரசாரத்தையும் கண்டித்தது. தீர்ப்பு எத்தனை குரூப்பில் ஓடியது என்று கேட்காதீர்கள்.

அந்த நாட்களில் நம்மோடு பழகிய ஒருவரிடம், "அண்ணே, அது பழைய வீடியோ" என்று சொன்னபோது அவர் சொன்னதும் இதுதான்: "இருந்தா என்ன பாய், அவங்க அப்படித்தானே?" நல்ல மனிதர். நம் வீட்டு நோன்புக் கஞ்சி குடித்தவர். அன்று நமக்கு வலித்தது. ஐந்து வருடம் கழித்து நம் வாயிலும் அதே வாசகம் வந்தது.

இரண்டும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் நம்மீது பழி போட்டார்கள், நாம் மஸ்லூம்களுக்காகப் பேசுகிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபலஸ்தீனுக்கு இதனால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலில், வாட்ஸ்அப்பை நாம் ஏன் இவ்வளவு நம்புகிறோம்? டிவியும் பேப்பரும் நம்மை ஏமாற்றியதால்தான். நம் வாப்பா காலத்தில் ராத்திரி 9.15க்கு டிரான்சிஸ்டரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து பிபிசி தமிழோசை கேட்பார்கள். 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு 2017 ஏப்ரலில் நின்றது. அன்று செய்தியைக் கேட்கலாம், டீக்கடையில் விவாதிக்கலாம்; ஐந்து இடத்துக்கு அனுப்ப முடியாது. ஆனால் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: குவைத் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டு இராக் சிப்பாய்கள் கொன்றார்கள் என்று. உலகமே நம்பியது, யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்து 1992இல்தான் தெரிந்தது, அவள் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள் என்று. சொன்ன கதைக்கு ஆதாரமும் கிடைக்கவில்லை. பிறகு 2003இல் இராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள். அதுவும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் பிறகு பெரிய டிவிகளை நம்பு என்றால் யார் நம்புவார்கள்? அந்தச் சந்தேகம் சரியானது. ஆனால் ஊர் பேர் போட்டுப் பேசியவரைச் சந்தேகித்துவிட்டு, ஊரும் பேரும் தேதியும் இல்லாத மொட்டை வீடியோவைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தொடங்கிவிட்டோம். இதுதான் விசித்திரம்.

இத்தனைக்கும் காஸாவில் ஊரும் பேரும் தேதியும் சொல்லித்தான் படம் எடுத்தார்கள். 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் செய்தியாளர்கள் சுதந்திரமாக உள்ளே போக இஸ்ரேல் விடவில்லை. உலகம் பார்த்ததெல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்தது. அல்ஜஸீராவின் வாயில் தஹ்தூஹ், அக்டோபர் 25 அன்று மனைவி, மகன், மகள், பேரக்குழந்தையை இழந்தார். மறுநாள் மீண்டும் கேமரா முன் வந்து நின்றார். டிசம்பரில் அவரோடு போன கேமராமேன் ஸாமிர் அபூ தக்கா கொல்லப்பட்டார், இவருக்குக் கையில் காயம். 2024 ஜனவரி 7 அன்று மூத்த மகன் ஹம்ஸாவும் போனார். அவரும் செய்தியாளர். 2025 ஆகஸ்ட் 10 அன்று ஷிஃபா மருத்துவமனை வாசலில் செய்தியாளர் கூடாரத்தைக் குறிவைத்து அடித்தார்கள். அனஸ் அல்-ஷரீஃபும் அவரோடு இருந்தவர்களும் ஷஹீதானார்கள். அனஸுக்கு வயது 28. அந்த வாரம் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்ன கணக்குப்படி அதுவரை கொல்லப்பட்ட ஃபலஸ்தீனச் செய்தியாளர்கள் 242 பேர்.

ஒவ்வொரு படமும் நாளை ஒரு நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்க வேண்டும் என்றுதான் அவர்கள் எடுத்தார்கள். எதிர்த்தரப்புக்கும் அது தெரியும். அதனால்தான் 'எல்லாம் நாடகம்' என்ற பேச்சைக் கிளப்பினார்கள். 2023 டிசம்பரில் ஒரு பச்சைக் குழந்தையின் மய்யித்தை பொம்மை என்று எழுதிய இஸ்ரேலிய நாளிதழ் பின்னர் அந்தச் செய்தியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குடும்பத்தார் கையில் இருந்தது பிள்ளையின் உடல். இப்படிப் பேசுகிறவர்களுக்கு என்ன தேவை? ஒரு பொய் வீடியோ. அலெப்போ சிறுமியைக் காஸா என்று போட்டால், கணினி விளையாட்டில் வரும் ராக்கெட்டைக் காஸா வானம் என்று போட்டால், அதை எடுத்துக்காட்டி "பாருங்கள், எல்லாமே இப்படித்தான்" என்று அனஸ் எடுத்ததையும் சேர்த்து ஓரங்கட்டிவிடலாம். நாம் அனுப்பிய அந்த வீடியோ யாருக்கு உதவியது என்று யோசித்தால் தூக்கம் வரவில்லை. அந்தச் சிறுமிக்கும் அநியாயம்தான். அவளுக்கும் ஒரு ஊர் இருந்தது, அவள் மீதும் குண்டு போட்டவர்கள் இருந்தார்கள். அதையும் அழித்துவிட்டோம்.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஸூரா அல்ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் சொல்வதை ஜும்ஆ பயானில் எத்தனை தடவை கேட்டிருப்போம். கேட்டுக்கொண்டே குனிந்து போனைப் பார்த்தவர்களும் உண்டு, நாம் உட்பட.

2024 மே 26 இரவு ரஃபாவில், தல் அஸ்-ஸுல்தான் பகுதிக் கூடாரங்கள் மீது குண்டு விழுந்து குறைந்தது 45 பேர் இறந்தார்கள். கூடாரங்கள் எரியும் உண்மைப் படங்கள் இருந்தன. ஆனால் இன்ஸ்டாகிராமில் 4 கோடிக்கு மேற்பட்டோர் பகிர்ந்தது வேறொன்று: வரிசை வரிசையாகக் கூடாரங்கள், நடுவில் 'எல்லாக் கண்களும் ரஃபா மீது' என்று ஆங்கில எழுத்து, பின்னால் பனி மூடிய மலைகள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். ரஃபாவில் ஏது பனிமலை? நம் வீட்டுப் பிள்ளைகளின் ஸ்டேட்டஸிலும் அதுதான் இருந்தது. அதில் ரத்தம் இல்லை, நெருப்பு இல்லை, அதனால் யாரும் மறைக்கவுமில்லை, பார்க்கிறவருக்குச் சங்கடமும் இல்லை. அந்த ஒரு நாளில் கோடிக்கணக்கானோர் ரஃபாவின் பெயரைத் தெரிந்துகொண்டார்கள் என்பதும் உண்மைதான்; முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை.

2025 அக்டோபர் 10 அன்று போர் நிறுத்தம் என்றார்கள். குரூப்புகளில் காஸா மெல்லக் குறைந்தது. இரண்டே வாரத்தில், அக்டோபர் 26 அன்று, சூடானின் தார்ஃபூர் பகுதியில் உள்ள அல் ஃபாஷிர் நகரம் ஆர்.எஸ்.எஃப். படையிடம் விழுந்தது. 500 நாளுக்கு மேல் முற்றுகையில் பட்டினி கிடந்த ஊர். அங்குள்ள மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தரையில் படிந்த ரத்தக் கறையை விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். கொன்றவர்களே சிரித்துக்கொண்டு எடுத்த வீடியோக்களும் வந்தன. நம் குடும்பக் குரூப்பில் அந்த வாரம் எத்தனை வந்தது என்று பின்னோக்கித் தள்ளிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை.

கொல்லப்பட்டவர்களும் முஸ்லிம்கள், கொன்றவர்களும் கலிமா சொன்னவர்கள். யாரைத் திட்டி அனுப்புவது? அதோடு, அந்தப் படைக்கு ஆயுதம் தருவதாக ஐக்கிய அரபு அமீரகம் மீது குற்றச்சாட்டு இருக்கிறது; அமீரகம் மறுக்கிறது. நம் பிள்ளைகள் சம்பாதிப்பது அங்கேதான். துபாய் மச்சான் அதை அனுப்பாததில் ஆச்சரியமில்லை. (பொய்ச் செய்தியோ வதந்தியோ பரப்பினால் குறைந்தது ஓராண்டு சிறை என்று 2021இலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. காஸா வீடியோவாக இருந்தாலும் யோசித்து அனுப்பச் சொல்லுங்கள்.)

அக்கா மகன் இப்போது குடும்பக் குரூப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறான். யார் எதை அனுப்பினாலும் கீழே ஊரும் தேதியும் எழுத வேண்டும். எழுதாவிட்டால், "எங்கே எடுத்தது, எப்போ எடுத்தது?" என்று கேட்பான். மரியாதையாகத்தான் கேட்கிறான், ஆனாலும் மச்சான் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு பேசவில்லை. சாச்சா மட்டும் கருஞ்சீரகத்தை விடவில்லை. அதற்கு ஊரும் தேதியும் தேவையில்லையாம். நாற்பது வந்த இடத்தில் இப்போது பத்துதான் வருகிறது.

போன வாரம் அவனே அல் ஃபாஷிர் பற்றிய செய்தி ஒன்றை ஊர், தேதியோடு போட்டிருந்தான். உம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். "சூடான் எந்தப் பக்கம் வாப்பா? மக்காவுக்குப் பக்கமா?" என்று கேட்டார். செல்போனில் வரைபடத்தைத் திறந்து, செங்கடலுக்கு இந்தக் கரையில் ஜித்தா, அந்தக் கரையில் போர்ட் சூடான், அங்கிருந்து மேற்கே வெகுதூரத்தில் இந்த ஊர் என்று காட்டினோம். கண்ணாடியைச் சரிசெய்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஹஜ்ஜுக்குப் போனப்போ மினாவுல என் பக்கத்துல ஒரு சூடான்காரி படுத்திருந்தா. எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தா. அவ எந்த ஊருன்னு நான் கேக்கவே இல்லையே."