பன்றிக்குப் போட்ட கம்பி



என்னிடம் ஓதும் மாணவி ஒருத்தியின் தாயார் ஒருநாள் அஸருக்குப் பின் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை. கதவுக்கு அப்பால் நின்று, என் மனைவி மூலமாகக் கேட்டார்:

"ஹஸ்ரத், பின்வளவில நட்ட மரவள்ளியையும் வத்தாளையையும் இராவையில பண்டி கிண்டிப் போட்டுட்டுது. மிச்சம் கிடக்கிற கிழங்கைச் சமைக்கலாமா?"

அந்தப் பிராணியின் பெயரைச் சொல்லவே நம் பெண்களுக்கு வாய் கூசும். ஆனால், காட்டை அண்டிய ஊர்களில் வாழும் நமக்கு அதன் பெயரைச் சொல்லாமல் விட்டாலும் அது வராமல் விடுவதில்லை. எனவே, இம்மாதம் அதைப் பற்றியே கதைப்போம்.

முதலில் அச்சகோதரியின் கேள்விக்கு விடை. பன்றி நுழைந்ததால் தோட்டம் ஹராமாகிவிடாது. அல்குர்ஆனில் நான்கு இடங்களில் விலக்கப்பட்டிருப்பது அதன் இறைச்சி. பன்றி நஜீஸ் என்பதும் உண்மையே. ஆயினும், உலர்ந்த பொருள் உலர்ந்த பொருளில் படுவதால் நஜீஸ் ஒட்டுவதில்லை. அது கடித்து எச்சில் பட்ட கிழங்கை ஒதுக்கிவிடுங்கள். அதன் எச்சிலோ ஈரமோ பட்டது உறுதியாகத் தெரிந்த பொருளை, ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான தீர்ப்புப்படி ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். கடிபடாமல் வெறுமனே கிளறப்பட்டுக் கிடக்கும் கிழங்கைத் தோலுரித்து, வழக்கம்போல் கழுவிச் சமைக்கலாம். 'பட்டிருக்குமோ' என்ற வெறும் சந்தேகம் ஒரு பொருளை நஜீஸாக்காது.

இதைக் கேட்டு அச்சகோதரி மகிழ்ந்தார். புறப்படும்போது ஒரு வார்த்தை சொன்னார்:

"இனி வராது ஹஸ்ரத். அவர் வீட்டுக் கரண்டில இருந்து வேலியைச் சுத்திக் கம்பி இழுத்திருக்கார். ஸுபஹுக்கு எழும்பி ப்ளக்கைக் கழட்டுறது என்ட வேலை."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. அந்த வளவின் ஓரமாகத்தான் ஸுபஹ் முடிந்த கையோடு பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்கு ஓடி வருகிறார்கள். ஒரு விடியலில் அந்தத் தாய் காய்ச்சலால் எழும்பாமல் விட்டால்? குழந்தை அழுத அவசரத்தில் ப்ளக்கை மறந்தால்? கிழங்கின் சுத்தத்தை இவ்வளவு பேணுதலோடு கேட்ட சகோதரிக்கு, ஓர் உயிரின் பொறுப்பு தன் கையில் தொங்குவது தெரியவில்லை.

சகோதரிகளே! இது வெறும் பயமன்று. பன்றிக்கென்று இழுத்த மின்கம்பியில் மனிதர்கள் மாண்ட செய்தியை நம் நாட்டுப் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வாசிக்கிறோம். சில வேளை மாண்டவர் கம்பி இழுத்தவராகவே இருப்பார். கட்டுத்துவக்கில் கால் இழந்தவர்களும் உண்டு. காய்க்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் 'ஹக்க பட்டஸ்' பெரும்பாலும் பன்றிக்குத்தான் வைக்கப்படுகிறது. அதைக் கடித்து, வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகும் யானைக் குட்டிகள் எத்தனை! 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டி, சில நாட்களில் இறந்தது. நாம் ஒன்றுக்கு வைப்பது வேறொன்றின் கழுத்தில் விழுகிறது.

அன்று மஃரிபுக்குப் பின் அச்சகோதரியின் கணவரைப் பள்ளிவாசலில் சந்தித்துப் பேசினேன். அவர் கெட்டவர் அல்லர். "ஹஸ்ரத், மூணு மாசப் பாடு. ஒரு இராவில முடிஞ்சி போச்சி. நான் என்ன செய்ய?" என்று கண் கலங்கினார். அந்தக் கவலை நியாயமானது. தன் பொருளைக் காப்பது ஒருவரின் உரிமை. தீங்கு செய்யும் பிராணியைக் கொல்லவும் மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஆனால், கொல்லும்போதும் வதைக்காமல் கொல்ல வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். பன்றி ஹராம் என்பது அதை உண்பதற்கு. அதை வதைப்பதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

நான் அவருக்கு இரண்டு விடயங்களை ஞாபகமூட்டினேன். ஒன்று, தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) ஆகியோரின் தீர்ப்பு. ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் பயிரை மேய்ந்துவிட்ட வழக்கு அது. ஆடுகளையே பயிர்க்காரருக்குக் கொடுத்துவிடுவது தந்தையின் தீர்ப்பாக இருந்தது. பயிர் பழைய நிலைக்கு வரும்வரை ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் அவர் அனுபவிக்கட்டும், பிறகு ஆட்டை உரியவரிடம் ஒப்படைக்கட்டும் என்பது மகனின் தீர்ப்பு. இவ்வாறு தப்ஸீர் ஆசிரியர்கள் விளக்குகின்றனர். பயிரின் நட்டத்தை ஈடுசெய்யப் போய் இன்னொருவரை அழித்துவிடக் கூடாது என்ற பாடம் இதில் இருக்கிறது. மற்றது, மக்கள் நடக்கும் வழியில் ஒருவர் குழி தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவரே பொறுப்பு என்பது பிக்ஹுச் சட்டம். கம்பி குழியை விட மோசமானது. குழியாவது கண்ணுக்குத் தெரியும். இவ்வாறு கம்பி இழுப்பது நாட்டுச் சட்டப்படியும் குற்றம்.

அப்படியானால் என்னதான் செய்வது? அனுபவமுள்ள விவசாயிகளிடம் நான் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறேன்.

பன்றிக்குப் பார்வை மந்தம். மோப்பமும் செவியும் கூர்மை. பகலில் பற்றைக்குள் படுத்து இரவில் வரும். ஆகவே, வேலியை ஒட்டிய பற்றையை வெட்டி வெளியாக்குங்கள். கிழங்கு முற்றியதும் தாமதியாமல் கிண்டி எடுங்கள். உதிர்ந்த பழங்களையும் சமையற் கழிவுகளையும் வளவில் விடாதீர்கள். அவைதான் அதற்கு முதல் அழைப்பு. பழைய சாரிகளை வேலி நெடுகக் கட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. ஆயினும் எந்த உபாயத்துக்கும் பன்றி சில நாட்களில் பழகிவிடும். மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். மின்வேலிதான் வேண்டுமென்றால், அதற்கென்றே செய்த கருவியைப் பாவிக்க வேண்டும். அது நொடிக்கு ஒரு தடவை அளவில், மிகக் குறுகிய நேரம் மட்டும் துடிப்பாக மின்சாரத்தை விடும், சுண்டும், கொல்லாது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட் இடைவிடாமல் ஓடி, பிடித்த கையை விடவிடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கூட்டு முயற்சி. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே பன்றி இயற்கையில் இருந்ததில்லை. 1539 இல் புளோரிடாவில் இறங்கிய ஸ்பானியப் படையினர் உணவுக்கெனப் பன்றிகளையும் கொண்டுவந்தனர். பிற்காலத்தில் வேட்டைப் பிரியர்கள் விளையாட்டுக்காக அவற்றைப் பல இடங்களில் கொண்டுபோய் விட்டனர். இன்று டெக்ஸாஸ் மாநிலத்தில் ஹெலிகொப்டரில் இருந்து சுடுவதற்குக்கூட 2011 இல் சட்டம் இயற்றியும் தொல்லை தீரவில்லை. ஒன்றிரண்டைச் சுட்டால் மற்றவை சிதறி அயல் காணிக்குப் போகின்றன. அதனால் பெரிய பட்டி அமைத்து, பல நாள் தீனி வைத்துப் பழக்கி, முழுக் கூட்டத்தையும் ஒரே தடவையில் பிடிக்கின்றனர். இதற்கு அயல் காணிக்காரர்களும் ஒத்துழைக்க வேண்டும். தன் வேலியை மட்டும் பார்ப்பவருக்கு இங்கும் வெற்றியில்லை, அங்கும் வெற்றியில்லை.

இன்னொன்று. பிடிபட்ட பன்றியை மாற்று மதச் சகோதரர்களுக்கு விற்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். விற்கக் கூடாது. அதன் விற்பனையையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

அந்தச் சகோதரர் அன்றிரவே கம்பியைக் கழற்றினார். அயலில் மூன்று வீட்டாரும் சேர்ந்து பற்றையை வெட்டி, வேலியை அடைத்து, முறை வைத்துக் காவல் இருந்தனர். அதற்குப் பிறகும் ஓரிரவு பன்றி வந்தது; ஒரு மூலையைத் தின்றுவிட்டுப் போனது. "அதுவும் போகட்டும்" என்று அவர் சொன்னதாக அவரின் மகள் என்னிடம் சொன்னாள். ஒரு முஸ்லிம் நட்ட பயிரிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாகும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த ஹதீஸில் எந்த விலங்கும் விலக்கப்படவில்லை.

சகோதரிகளே! வயலையும் வளவையும் ஆண்கள் பார்க்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள். ப்ளக் இருப்பது உங்கள் வீட்டுச் சுவரில். இன்றிரவு கணவரிடமோ மகனிடமோ வாப்பாவிடமோ அமைதியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மட வேலியில பிள்ளையள் கை வைக்கலாமா?" 'வைக்கலாம்' என்ற பதில் வரும்வரை விடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயிர்களிலும் பிள்ளைகளிலும் பரகத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.