பங்குப் பதிவேடும் புயல் கணக்கும்

கடலோரத்தில் ஒரு பேரிடர் வந்து ஓய்ந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “கோயிலும் சாமியார்களும் இல்லையென்றால் இந்த ஜனம் என்ன ஆகியிருக்கும்?” என்பது ஒன்று. “வெளிநாட்டுப் பணம் வந்து குவிகிறது, தங்கள் ஆட்களுக்கு மட்டும் பிரித்துக் கொடுக்கிறார்கள்” என்பது இன்னொன்று. 2004 சுனாமிக்குப் பிறகு இரண்டையும் கேட்டோம். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோதும் கேட்டோம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கடற்கரைத் திருச்சபை பேரிடர் நேரத்தில் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். கிழக்கே ஆரோக்கியபுரம் முதல் மேற்கே கேரள எல்லையை ஒட்டிய நீரோடி வரை சுமார் 70 கிலோமீட்டர் கரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களில் முஸ்லிம்களும் கணிசமாக வாழ்கிறார்கள். மற்றபடி மீனவ ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். 1544-இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் முக்குவ மீனவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்த காலத்திலிருந்து ஊரும் கோயிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மீன் விற்ற பணத்தில் கோயிலுக்கு ஒரு பங்கு எடுக்கும் குத்தகை முறை இங்கே வெகுகாலம் இருந்தது. ஊர்ச் சண்டை என்றாலும், பள்ளிக்கூடம் கட்டுவது என்றாலும், வலைத் தகராறு என்றாலும் பங்குத்தந்தையின் வீட்டுத் திண்ணைக்குத்தான் முதலில் வரும். ஆக, இங்கே கோயில் என்பது ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டுமான இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. கிட்டத்தட்ட ஒரு கிராம நிர்வாகம் அது. இது சரியா என்று கேட்டால் அதற்கு நீண்ட விவாதம் உண்டு. அந்தக் கரையிலேயே அந்த விவாதம் நடக்கிறது. நமக்கு இப்போது வேண்டியது, இப்படித்தான் இருக்கிறது என்ற தெளிவு.

இந்த நிர்வாகத்தின் கையில் இருக்கும் பெரிய சொத்து பணம் இல்லை. பதிவேடு. யார் எந்த வீட்டில் பிறந்தார், யாரைக் கட்டினார், எத்தனை பிள்ளைகள், யார் இறந்தார் என்பதெல்லாம் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் இருக்கும். இது போதாதென்று ஒவ்வொரு பங்கும், அதாவது ஒரு பங்குத்தந்தையின் கீழ் உள்ள கோயில் சமூகமும், அன்பியங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீடுகள் சில பத்து சேர்ந்தால் ஒரு அன்பியம். அதற்கு ஒரு பொறுப்பாளர், பெரும்பாலும் ஒரு பெண். இந்த வீட்டுக்காரர் எந்தப் படகில் போயிருக்கிறார், எப்போது போனார் என்று அந்த அம்மாவிடம் கேட்டால் தெரியும். தாலுகா அலுவலகத்தில் கேட்டால் தெரியாது.

ஒக்கியில் இது எவ்வளவு முக்கியமாகப் போனது என்பதைப் பார்க்க வேண்டும். 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. (மீனவராக இருந்து இயேசுவின் சீடரான புனித அந்திரேயாவின் திருநாள் அது என்பதைக் கரையில் பலர் இன்றும் சொல்கிறார்கள்.) குமரிக் கடலுக்குத் தெற்கே இருந்த தாழ்வு மண்டலம் ஒரே இரவில் புயலாக உருவெடுத்தது. வங்கக் கடலில் வரும் புயல் பல நாட்கள் நடந்து வரும். எச்சரிக்கைக்கு நேரம் இருக்கும். ஒக்கியோ கரைக்கு மிக அருகிலேயே புயலானது. புயல் எச்சரிக்கை வெளியானபோது தங்குகடல் படகுகள் கிளம்பிப் பல நாட்கள் ஆகியிருந்தன. பத்து நாள், பதினைந்து நாள், சில சமயம் ஒரு மாதம் கூட ஆழ்கடலில் தங்கி, தூண்டிலும் வலையும் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள் அவர்கள். படகில் இருந்த வி.எச்.எப். கருவி சில பத்து கிலோமீட்டர் தாண்டினால் பேசாது. கரையிலிருந்து அவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை.

இந்தத் தங்குகடல் தொழிலில் பேர்போனவை தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்கள்: நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. இங்கேதான் கணக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது. ஊர் தமிழ்நாட்டில். படகு பெரும்பாலும் கிளம்புவது கொச்சித் துறைமுகத்திலிருந்து. திருச்சபை வழியில் இந்த எட்டு ஊரும் சேர்ந்திருப்பது திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில். இந்த எட்டு ஊரையும் தாண்டிக் கரையோரமாகக் கிழக்கே போனால் கோட்டாறு மறைமாவட்டம். ஆக, சின்னத்துறைக்காரர் ஒருவர் காணாமல் போனால் அவரை எந்த மாநிலம் எண்ணும்? கொச்சியில் கிளம்பிய படகு என்பதால் கேரளமா, வீட்டு முகவரி பார்த்துத் தமிழ்நாடா? அந்த டிசம்பரில் தொலைக்காட்சியில் ஒரு நாள் ஒரு எண், மறுநாள் வேறு எண் என்று வந்துகொண்டிருந்தது. திருச்சபை சொல்லும் எண்ணும் அரசு சொல்லும் எண்ணும் ஒத்துப் போகவில்லை. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று இரண்டு பக்கமும் கோபம். ஆனால் மறைமாவட்டக் கணக்கில் இரு மாநில ஊர்களும் சேர்ந்திருந்தன. மாநிலக் கணக்கில் அது முடியாது. வேறுபாட்டின் ஒரு பகுதிக்காவது இந்தச் சாதாரண எல்லைக்கோடுதான் காரணம்.

சரி, ஒரு பெயரைப் பட்டியலில் எழுதுவது எப்படி? ஒரு பெண் பங்கு அலுவலகத்துக்கு வந்து தன் கணவர் பெயரைச் சொல்கிறார். அந்தோணி. அந்தக் கரையில் அந்தோணிக்கும் சவேரியாருக்கும் சூசைக்கும் பஞ்சமே இல்லை. எனவே அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர், எந்த அன்பியம், படகின் பெயர், படகுச் சொந்தக்காரர் யார், கூடப் போனவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒரு படகில் மூன்று நான்கு ஊர் ஆட்கள் இருப்பார்கள். படகுச் சொந்தக்காரரின் ஊர் ஒரு பட்டியல் போடும். ஆட்களின் சொந்த ஊர்ப் பங்குகள் தனித்தனியே பட்டியல் போடும். ஒரே மனிதர் இரண்டு இடத்தில் ஏறிவிடுவார். இரண்டையும் வைத்துப் பார்த்து ஒன்றை அடிக்க வேண்டும். இதற்கிடையே மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டில் கரையேறிய படகுகளிலிருந்தும், லட்சத்தீவிலிருந்தும், கர்நாடகக் கரையிலிருந்தும் தொலைபேசி வரும். உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் அந்தப் பெயரையும் அடிக்க வேண்டும். பட்டியல் தினமும் மாறும். தினமும் மாறுகிற பட்டியல் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நம்பத்தகாததாகத் தோன்றும். உண்மையில் மாறாத பட்டியலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அந்தப் பட்டியல் வெறும் துக்கக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அதை வைத்துத்தான் எந்தத் திசையில் தேட வேண்டும், எத்தனை படகு இன்னும் வெளியே என்று கடற்படையிடமும் கடலோரக் காவல்படையிடமும் கேட்க முடிந்தது. தேடுதல் போதவில்லை என்று டிசம்பர் 7-ஆம் தேதி ஆயிரக்கணக்கான மீனவர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது அவர்களோடு பங்குத்தந்தையரும் உட்கார்ந்தார்கள். பிறகு இழப்பீடு வந்தது. இறந்த ஒருவருக்கு 20 லட்சம் ரூபாய் என்று தமிழ்நாடும் கேரளமும் அறிவித்தன. ஆனால் உடல் கிடைக்காதவரை இறந்தவர் என்று சட்டம் உடனே ஏற்பதில்லை. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருதலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பொது விதி. ஏழு ஆண்டு என்றால் மனைவிக்கு விதவை உதவித்தொகை இல்லை, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, பிள்ளையின் படிப்புக் கடனுக்குக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சுனாமியின்போது போலவே ஒக்கியிலும் அந்தக் காத்திருப்பு தளர்த்தப்பட்டது. தளர்த்த வேண்டுமானால் இவர் அந்தப் படகில் போனார், திரும்பவில்லை என்று யாராவது உறுதியாகச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பங்குப் பதிவேடும், கரையொதுங்கிய உடல்களுக்குச் செய்த டி.என்.ஏ. சோதனையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அரிசி, போர்வை, பாய், பாத்திரம் விஷயத்தை நீட்ட வேண்டியதில்லை. அது எல்லோரும் செய்தது. 2004-இல் நாகப்பட்டினச் சாலையோரங்களில் பழைய துணி மூட்டை மூட்டையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கொடுப்பவர் மனநிறைவுக்கும் வாங்குபவர் தேவைக்கும் எப்போதும் சம்பந்தம் இருப்பதில்லை. படகும் அப்படித்தான். சுனாமிக்குப் பிறகு ஆளாளுக்குப் படகு கொடுத்ததில் சில ஊர்களில் முன்பு இருந்ததைவிட அதிகப் படகு சேர்ந்தது. கடலில் மீன் கூடவில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் சந்தேகம் அங்கேதான் அதிகம். பங்கு, மறைமாவட்டச் சமூக சேவைச் சங்கம், தேசிய அளவில் காரித்தாஸ் இந்தியா என்று இவை மூன்று தனி அமைப்புகள். பங்கின் உண்டியல் பணம் உள்ளூர்ப் பணம். மறைமாவட்டச் சங்கம் பதிவு செய்யப்பட்ட அமைப்பு, தணிக்கைக்கு உட்பட்டது. காரித்தாஸ் இந்தியா 1962-இல் ஆயர் பேரவை தொடங்கியது. 2004-இல் வெளிநாட்டு உதவி பெரும்பாலும் காரித்தாஸ் போன்ற அமைப்பு வழியாக மறைமாவட்டச் சங்கத்துக்கு, அங்கிருந்து ஊருக்கு என்று படிப்படியாக இறங்கியது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தம் அந்தப் படிக்கட்டை எடுத்துவிட்டது. வெளிநாட்டுப் பணம் பெற்ற ஒரு அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் திருத்தம் தேவையா, கெடுபிடியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இனி வரும் புயலில் 2004 மாதிரிப் பணம் பாயும் என்று எதிர்பார்ப்பவரும், பாய்கிறது என்று குற்றம் சொல்பவரும் பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

வீடுகள் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். சுனாமிக்குப் பிறகு “கோயில் கட்டிய வீடு”, “சாமியார் கொடுத்த வீடு” என்று பேச்சு வழக்கு உண்டானது. நடந்தது கூட்டுத் திட்டம். இடம் கொடுத்தது அரசு. தொண்டு நிறுவனம் மாவட்ட ஆட்சியரோடு ஒப்பந்தம் போட்டு, 325 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் ரூபாய் என்ற அளவுகோலில் கட்டியது. பட்டா மனைவி பெயரும் கணவர் பெயரும் சேர்ந்து வந்தது. இந்த ஒன்றுக்காக அந்தத் திட்டத்துக்கான அரசாணையைப் பாராட்டலாம். கரையிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப் போக விரும்பினால் பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே ஆணையில் இருந்தது. கரையை விட்டால் படகையும் வலையையும் யார் பார்ப்பது என்று மீனவர் கேட்டதற்குத் திருச்சபையாலும் சரியான பதில் சொல்ல முடியவில்லை, அரசாலும் முடியவில்லை.

இப்போது அந்தக் கடினமான கேள்வி. தங்கள் ஆட்களுக்கு மட்டும்தானா? வேண்டுமென்று ஒதுக்குவது ஒரு வகை. அதைவிட அதிகம் நடப்பது பதிவேட்டின் ஓரத்தில் விழுந்துபோவது. இது திருச்சபைக்கு மட்டும் உரிய குறை இல்லை. நாகப்பட்டினக் கரையில் மீனவர் பஞ்சாயத்துகள்தான் பட்டியல் போட்டன. வரி கட்டும் தலைக்கட்டு எத்தனை என்பதே அங்கே கணக்கு. ஆண் இல்லாத குடும்பமும், மீன் சுமந்து விற்கும் விதவையும், கரையோரம் குடியிருந்து கூலி வேலை செய்த தலித் குடும்பமும் அந்தக் கணக்கில் முழுதாக வரவில்லை. மறுபக்கம், பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அதே 2004 டிசம்பர் 26-ஆம் தேதி பக்கத்து மீனவ ஊர் மக்களுக்கு, மதம் பாராமல், சமைத்துப் போட ஆரம்பித்தார்கள். அன்று அவர்களிடம் பட்டியல் இருக்கவில்லை. வந்தவர் எல்லோருக்கும் சாப்பாடு. முதல் சில நாட்களுக்கு அதுவே சரியான முறை. இழப்பீட்டுக்கு அது போதாது. அந்தக் கட்டத்தில் பெயர் எழுதத்தான் வேண்டும். பெயர் எழுத ஆரம்பித்தவுடன் விடுபடுகிறவர்களும் உண்டாகிறார்கள்.

ஒக்கியில் குமரிக் கரைப் பங்குகளின் கண் இயல்பாகவே கடல் பக்கம் இருந்தது. மாவட்டத்தின் உட்பகுதியில் வாழையும் ரப்பரும் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, பல நாட்கள் இருளில் கிடந்த கூலி விவசாயிகள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு அன்பியம் மாதிரி ஒரு வலைப்பின்னல் இல்லாததால் அவர்கள் குரல் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. இதற்கு மீனவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

எல்லாவற்றுக்கும் வெளியே நிற்பவர் ஒருவர் உண்டு: வெளி மாவட்டத்திலிருந்தோ ஒடிசா, அசாம் பக்கத்திலிருந்தோ கூலிக்கு வந்து படகில் ஏறியவர். எந்தப் பங்கின் பதிவேட்டிலும் அவர் இல்லை, எந்த ஜமாஅத்திலும் இல்லை, எந்தத் தலைக்கட்டுக் கணக்கிலும் இல்லை. அவருடைய பெயர் படகுச் சொந்தக்காரரின் நினைவில் இருக்கலாம், அல்லது பற்றுவரவு நோட்டில் பாதிப் பெயராக இருக்கலாம். அவர் திரும்பி வராவிட்டால் தண்டவாளத்தில் உட்கார ஆள் இல்லை.

கரையோரப் பங்குகளுக்கு இதில் ஒரு எளிய வேலை இருக்கிறது. தங்குகடல் படகு கிளம்பும்போது படகில் ஏறும் எல்லோருடைய பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய தாளின் ஒரு நகல் மீன்வளத் துறைக்கும், இன்னொன்று அந்தந்த ஊர்க் கோயில் அலுவலகத்துக்கும் வர வேண்டும். கிறிஸ்தவரா இல்லையா என்ற பத்தி அந்தத் தாளில் தேவையில்லை. அன்பியப் பொறுப்பாளர் அம்மாவுக்கு இது ஒரு மாதத்தில் பழகிவிடும். படகுச் சொந்தக்காரர்கள்தான் முதலில் முனகுவார்கள். ஆள் எண்ணிக்கை வெளியே தெரிந்தால் காப்பீட்டுப் பிரீமியமும் கூடவே தெரியவரும். அவர்களோடு பேசி முடிக்கப் பங்குத்தந்தையின் திண்ணை தோதான இடம்.