அண்ணனின் காற்று வண்டி

மூன்று மாதத்திற்கு முன் என் அண்ணன் ஒரு பெரிய நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கினார். ஐரோப்பியத் தயாரிப்பு. ஏழு பேர் உட்காரலாம். வயது பத்து. புதிதாக வந்தபோது நம்மைப் போன்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிற விலை. இப்போது ஒரு புதிய மைவிக்குக் கொடுக்கிற காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதும் என்கிற விலை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சொல்லப் போகிற கதை எந்த நிறுவனத்தின் பழைய வண்டிக்கும் நடக்கக் கூடியது.

அவர் அதை வாங்கியதற்குப் பகட்டு மட்டும் காரணமில்லை. போன வருடம் அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. தாழ்வான காரில் குனிந்து உட்கார முடியாது. உயரமான வண்டியில் கால் எடுத்து வைக்கவும் முடியாது. இந்த வண்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிக் கொடுக்கும். அம்மா ஏறி உட்கார்ந்ததும் மறுபடி எழுந்துகொள்ளும். “யானை மண்டி போடுற மாதிரி இருக்குடா” என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அண்ணன் கையெழுத்துப் போட்டார் என்று நினைக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு கேமரன் மலைக்குக் கிளம்பினோம். “நீதானே பேப்பர்ல காடியப் பத்தி எழுதுற. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு” என்று அண்ணன் சாவியை என்னிடம் கொடுத்தார்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இந்த வண்டியைக் குறை சொல்ல இடமே இல்லை. பாலங்களின் இணைப்பில் நம் சாதாரணக் கார்கள் ‘தடக் தடக்’ என்று குதிக்குமே, அந்தச் சத்தம் எங்கோ கீழே கேட்டு அடங்கிவிடுகிறது. வேகம் கூடிச் சிறிது நேரம் ஆனதும் வண்டி தானாகவே ஒரு விரலளவு தாழ்ந்துகொண்டது. பக்கத்தில் லோரி கடக்கும்போது வரும் காற்றுத் தள்ளலும் பெரிதாகத் தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது? பேருந்து நிறுத்தத்தில் தாழ்தளப் பேருந்து ‘புஸ்’ என்று ஒரு பக்கம் சாய்ந்து பாட்டிமார்களை ஏற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான். சாதாரணக் காரில் வண்டியின் எடையைச் சுருள் ஸ்பிரிங் தாங்குகிறது. இதில் அந்த இடத்தில் தடித்த ரப்பர் பை. உள்ளே அழுத்தப்பட்ட காற்று. அந்தக் காற்றை அடிக்க ஒரு கம்ப்ரசர், சேமிக்க ஒரு தொட்டி, எந்தப் பைக்கு எவ்வளவு என்று பிரித்துவிட வால்வுகள், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உயரத்தை அளக்கும் உணரி, இவை எல்லாவற்றையும் மேய்க்க ஒரு சின்னக் கணினி.

இதன் உண்மையான பயன் ஆள் ஏறும்போதுதான் தெரியும். சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு பெரும்பாலும் மாறாதது. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும், முகப்பு விளக்கு மேலே பார்க்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். எடையைத் தாங்குவதற்காக ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால், தனியாக ஓட்டும்போது குலுக்கி எடுக்கும். காற்றுப் பை அப்படியல்ல. எடை கூடினால் உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் கூடினால் விறைப்பும் கூடவே ஏறுகிறது. அதனால் ஒருவர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் வண்டி ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே தாளத்தில் அசைகிறது.

யோசனை புதிதல்ல. 1955இல் சித்ரோன் டிஎஸ் கார் வாயுவையும் எண்ணெயையும் சேர்த்து இதே மாதிரி எழுந்து நின்று உலகத்தை வியக்க வைத்தது. 1957இல் கெடிலாக் எல்டொராடோ புரோகம் காற்றுப் பைகளோடு வந்தது. அந்தக் காலத்து ரப்பரும் வால்வுகளும் கசிய ஆரம்பித்ததும் அமெரிக்கர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். 1992இல் ரேஞ்ச் ரோவரில் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் வந்தபிறகுதான் பெரிய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் இது வேர் பிடித்தது. கசிவு என்கிற பழைய வியாதி மட்டும் முழுதாகப் போகவில்லை.

தாப்பாவில் இறங்கி மலைச் சாலையைப் பிடித்தோம். சிம்பாங் பூலாய் வழி அகலமானது. ஆனால் அம்மாவுக்கு லாத்தா இஸ்கண்டார் அருவியைப் பார்க்க வேண்டும். அதனால் பழைய வழி. அங்கேதான் இந்த வண்டியின் இன்னொரு முகம் தெரிந்தது.

சொகுசு வேறு, பிடிமானம் வேறு. நெடுஞ்சாலையில் மெத்தைபோல் போவதால் வளைவிலும் அப்படியே போய்விடும் என்று மனம் நம்புகிறது. எடை இரண்டரை டன்னை நெருங்குகிறது. அதுவும் உயரத்தில் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது அந்த எடை உள்பக்கச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கச் சக்கரங்கள் மேல் சாய்கிறது. வண்டி எவ்வளவு உயரமோ, அவ்வளவு அதிகமாகச் சாயும். கணினி உடனே சமன் செய்துவிடாதா என்று அண்ணன் மகன் கேட்டான். நல்ல கேள்வி. பெரும்பாலான வண்டிகளில் செய்யாது. உயரத்தைச் சரிசெய்யக் காற்று உள்ளே போகவோ வெளியே வரவோ சில விநாடிகளாவது ஆகும். அதற்குள் நீங்கள் அடுத்த வளைவில் இருப்பீர்கள். சாய்வைப் பிடித்து வைப்பது இரண்டு பக்கத்தையும் இணைக்கும் இரும்புத் தண்டும் அப்சார்பரும்தான். காற்றுப் பைக்கு அதில் பங்கு குறைவு.

முதல் நாலைந்து வளைவுகளில் என் பழைய காரில் திருப்புவதுபோல் சட்டென்று திருப்பினேன். வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுச் சாய்ந்தது; நான் நிமிர்த்தினால் அதுவும் தாமதமாக நிமிர்ந்தது. பின்னால் அண்ணன் மகளுக்குக் குமட்டல். அம்மாவின் கை மேலே இருந்த பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். வளைவுக்கு முன்பே நேர்கோட்டில் பிரேக். ஸ்டியரிங்கை மெதுவாக ஒரே தடவை திருப்பி அப்படியே வைத்திருப்பது. வெளியே வழி தெரிந்ததும் மெல்ல எண்ணெய் மிதிப்பது. ரிங்லெட் வருவதற்குள் அம்மா பிடியை விட்டுவிட்டார். மகள் தூங்கிவிட்டாள். கனமான வண்டிக்கு இதைவிடப் பெரிய மந்திரம் எதுவும் கிடையாது.

மறுநாள் காலை தானா ராத்தாவில் குளிர். தேநீரோடு வெளியே வந்தால் வண்டியின் முன் இடது மூலை தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

“குளிருக்குக் காத்து சுருங்கியிருக்கும்டா” என்றார் அண்ணன். பாதி உண்மை. கீழே முப்பது டிகிரியில் இருந்த காற்று மலையில் பதினாறு டிகிரிக்கு வந்தால் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு சுருங்கும். ஆனால் அப்படிச் சுருங்கினால் நான்கு மூலையும் சேர்ந்து கொஞ்சம் தாழ வேண்டும். ஒரு மூலை மட்டும் உட்கார்ந்தால் அது கசிவு.

அண்ணன் மகன் பாலிடெக்னிக் மாணவன். ஆர்வம் அதிகம். கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு, டயருக்கும் மட்காப்புக்கும் இடையில் தோள்வரை கையை விட்டுச் சத்தம் வருகிறதா என்று பார்க்கப் போனான். “கைய எடுடா!” என்று கத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “ஏன் சித்தப்பா?” என்று அவன் கேட்டு முடிப்பதற்குள், இதையெல்லாம் பார்க்காத அண்ணன் உள்ளே உட்கார்ந்து இஞ்சினை முடுக்கினார். ஒரு பெருமூச்சுச் சத்தம். தாழ்ந்த மூலையோடு மற்றதைச் சமன் செய்ய நினைத்த கணினி காற்றைத் திறந்துவிட, முன்பக்கம் முழுவதும் சரிந்து இறங்கியது. அவன் கை இருந்த இடைவெளியில் இப்போது விரல்கூட நுழையாது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. பையன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். காற்று ஸ்பிரிங் உள்ள வண்டி எந்த நிமிடமும் கீழே வரலாம். அதன் அடியிலோ சக்கரக் குழியிலோ கையைவிடக் கூடாது. டயர் மாற்றுவதாக இருந்தாலும் கையேட்டில் சொல்லியபடி உயரச் சரிசெய்தலை முதலில் நிறுத்த வேண்டும். வண்டியின் உடலை ஸ்டாண்டில் தாங்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது.

கம்ப்ரசர் கொஞ்ச நேரம் முனகியது. வண்டி எழ முயன்றது. பிறகு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கம்ப்ரசர் சூடாகித் தானே நின்றுவிட்டது. “மெதுவா உருட்டிக்கிட்டே இறங்கிடலாம்” என்றார் அண்ணன். நான் மறுத்தேன். பையில் காற்று இல்லாதபோது வண்டி ரப்பர் முட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. குழியில் விழுந்தால் சக்கரம் மேலே போக இடமில்லை. ஈரமான வளைவில் டயர் ஒரு நொடி தரையை விட்டாலும் போதும். தாப்பா வரை அறுபது கிலோமீட்டர் இறக்கம், இரண்டரை டன், உள்ளே ஏழு பேர். அண்ணனுக்குக் கோபம். ஊரே பார்க்க லோரியில் ஏற்றுவதா என்கிற வருத்தம் அவருக்கு. கடைசியில் அம்மாதான் முடித்துவைத்தார்: “இந்த இடுப்புக்கு ஒரு ஆபரேஷன் போதும்யா. லோரியக் கூப்புடு.”

நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டை லோரியில் வண்டி இறங்கியது. நாங்கள் வாடகை வேனில் இறங்கினோம்.

பட்டறையில் தவுக்கே கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு புட்டியில் சவர்க்காரத் தண்ணீர் எடுத்தார். வண்டியைத் தூக்கி நிறுத்தி, பை மடியும் இடத்தில் தெளித்தார். சின்னச் சின்னக் குமிழிகள். “ஆங்கின் போச்சோர்” என்றார். ரப்பர் மடிந்து மடிந்து வெடித்திருந்தது. பிறகு பழைய ரசீதுகளைப் புரட்டினோம். முந்தைய உரிமையாளர் இரண்டு வருடத்துக்குள் கம்ப்ரசரை மாற்றியிருக்கிறார், பைகளை மாற்றவில்லை. பலர் செய்கிற தவறு இது. கசிவுதான் நோய். கம்ப்ரசர் அந்தக் கசிவை ஈடுகட்ட இராப்பகலாக ஓடிச் சாகிறது. புதிய கம்ப்ரசர் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். நம் ஊர் ஈரக் காற்று வேறு; உள்ளே போகும் காற்றை உலர்த்தும் பகுதி நிறைந்துவிட்டால் ஈரம் வால்வு வரை போய்ச் சேரும்.

முன்பக்கப் பைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 2,800 வெள்ளி. கம்ப்ரசர் 2,400 வெள்ளி. கூலி தனி. மகளின் கல்லூரிச் செலவுக்கு ஒதுக்கியதிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. சுருள் ஸ்பிரிங் போட்டால் இதில் பாதிகூட ஆகாது என்றார் தவுக்கே. அது கெட்ட யோசனையும் அல்ல. ஆனால் உயரம் மாறாது. ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். இப்படிப்பட்ட மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். “மண்டி போடலேன்னா இந்தக் காடி எனக்கு எதுக்குடா?” என்று சொல்லிவிட்டுப் பைகளையே மாற்றச் சொன்னார்.

இப்படிப்பட்ட வண்டியின் மேல் கண் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். விற்பவரிடம் இரவு முழுக்கச் சமதரையில் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். காலையில் இஞ்சினை முடுக்கும் முன் நீங்கள் போய், சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காப்பின் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள். பிறகு முடுக்கி, எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்குங்கள். கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று போகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். ரசீதுகளில் பைகள் எப்போது மாற்றப்பட்டன என்று தேடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு பத்தாயிரம் வெள்ளியைத் தொடாமல் தனியே வையுங்கள். அது முடியாதென்றால் அந்த வண்டியின் விலை உங்களுக்கு இன்னும் எட்டவில்லை என்று பொருள். விற்பவர் சொல்வது வண்டிக்கான விலையை. அதை வைத்திருப்பதற்கான விலையை அவர் சொல்ல மாட்டார்.

போன ஞாயிறு அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போனோம். அண்ணன் பொத்தானை அழுத்தினார். வண்டி மூச்சுவிட்டுத் தாழ்ந்தது. அம்மா ஏறி உட்கார்ந்தார். அண்ணன் மகன் இரண்டு கையையும் பையில் விட்டுக்கொண்டு, ஓரடி தள்ளியே நின்றான்.