படகு கட்ட இடம் எங்கே?

"துறைமுகக் கட்டணம் கூடிப்போச்சு" என்று நம் ஆழ்கடல் படகு முதலாளிமார் முறையிடும்போது நான் தலையாட்டுவதில்லை. இரண்டு வருடம் ஒரு படகில் பங்கு வைத்திருந்தவன் என்பதால் அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். கட்டணம் அதில் சின்னத் தொகை. கட்ட இடமில்லாததுதான் பெரிய செலவு.

டென்மார்க் கடனில் கட்டிய ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டபோது, கல்முனை, சாய்ந்தமருது ஆட்கள் இனிக் கவலையில்லை என்றே நினைத்தோம். சில வருடத்திலேயே வாயிலை மணல் அடைத்தது. வாடைக் காலத்தில் ஊருக்கு முன்னால் திறந்த கடலில் நங்கூரம் போடவும் முடியாது. கயிறு அறுந்தால் படகு கரையில் சிதறும். ஆகவே வாழைச்சேனைக்கு ஓடினோம். கல்முனையிலிருந்து தரைவழியே சுமார் 70 கிலோமீற்றர். டீசல், ஐஸ் லொறி, காவலாள், ஆட்களின் பஸ் காசு. அங்கேயும் படகோடு படகு அணைத்துக் கட்டி, உரசி வெடித்த பைபருக்கு வேறு செலவு. இதையெல்லாம் புத்தகத்தில் 'சில்லறை' என்று எழுதிவிட்டு, கட்டணத்தைத் திட்டுவோம்!

மணலை அள்ளலாம். எங்கே போடுவது என்பதில்தான் சண்டை. தெற்கிலிருந்து வரும் மணலைக் கல்லணை மறித்ததால் வடக்கே ஒலுவில் கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்பு இழந்தவர்களின் கோபம் நியாயமானது. வாயிலில் அள்ளுவதை வருடாவருடம் அந்த வடக்குக் கரையிலேயே கொட்டட்டும். அதற்கென்று கட்டணத்தைக் கூட்டினால் நான் ஆதரிப்பேன். அள்ளிய மணலை விற்கும் பேச்சு வந்தால் மட்டும் நம் சங்கங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.