சேத்தைக் காட்டி விக்கிறீங்க, கதவு யாருக்கு?

ஜீப் வாங்கி, பின்கதவுல ஏணியும் கேனும் மாட்டிக்கிட்டு ஈசிஆர்ல போற நண்பர்களே, ஒரு விவசாயியோட ஆதங்கத்தையும் கேளுங்க.

பழைய மஹிந்திரா ஜீப்புல பின்கதவு கீழ்நோக்கி இறங்கும். ரெண்டு பக்கமும் சங்கிலி தாங்கும். நெல்லு மூட்டைய அதுல சாத்தி, ஒரே ஆளு உள்ளே தள்ளிடலாம். இன்னிக்கு தார், ஜிம்னி ரெண்டுலயும் கதவு பக்கவாட்டுலதான் திறக்குது. முதுகுல ஸ்டெப்னி வேற. புவனகிரியில நம்ம வண்டியும் அந்த ரகம்தான். தை மாச சம்பா அறுப்புல, வாய்க்கா கரைச் சரிவுல நிறுத்தினா ஸ்டெப்னி கனத்துல கதவு தானா திரும்பி, மூட்டை தூக்கறவன் முதுகுல இடிக்குது.

"பட்டறையில மாத்திக்க வேண்டியதுதானே?"ன்னு கேக்காதீங்க. அனுமதியில்லாம வண்டி அமைப்பை மாத்தக் கூடாதுங்குது 1988 மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். ஆறு மாசம் வரை ஜெயிலும் உண்டு. சட்டம் நியாயம்தான். அவசரத்துல வெல்டிங் வச்ச கீல் விட்டுப்போனா, பின்னாடி பைக்ல வர்றவன் உயிருக்கு யார் பொறுப்பு?

அதனாலதான் கேக்குறேன். விளம்பரத்துல சேத்தைக் காட்டித்தானே வண்டிய விக்கிறீங்க? அந்தச் சேத்துல வேலை பாக்கறவனுக்கு, கீழ இறங்குற கதவையும் கம்பெனியிலேயே போட்டுக் குடுங்க.