முன்பாரமும் பின்பாரமும்

வண்டி கட்டிப் பழகிய நம் அங்கத்தினர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை நெரிக்கும். மாடு உடனே முரண்டு பிடித்துத் தன் வேதனையைத் தெரிவித்துவிடும். டிராக்டருக்கு அந்த வாய் இல்லை. அதனால்தானோ என்னவோ, வண்டியில் பாரம் ஏற்றும்போது நாம் காட்டிய கவனம் டிரெய்லரில் ஏற்றும்போது காணப்படுவதில்லை.

இதை எழுதத் தூண்டியது, ஒரு சங்கத்தில் நான் விசாரித்த விபத்து. 50 கிலோ உர மூட்டைகள் 60 ஏற்றிய இருசக்கர டிரெய்லருடன் சங்கத்தின் டிராக்டர் புறப்பட்டது. முதல் ஊரில் 20 மூட்டைகள் இறக்கப்பட்டன. பின்னர் ஏரிக்கரை மேட்டில் ஏறுகையில் முன்சக்கரங்கள் தரையைப் பற்றவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனின்றி, கரையிலிருந்து இறங்கிக் குடைசாய்ந்தது. ஓட்டுநர் தோள் எலும்பு முறிந்து உயிர் தப்பினார். நிர்வாகக் குழு இதை அவருடைய கவனக்குறைவு என்று தீர்மானித்து, நனைந்த உரத்தின் விலையை அவர் சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் செய்ய முடிவு செய்தது. மூன்றில் ஒரு பங்கு பாரத்தை இறக்கிய பிறகும் வண்டி கவிழ்ந்ததென்றால் குற்றம் வேறு யாருடையது என்பது அவர்கள் வாதம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வாதம் நிற்கவில்லை. டிரெய்லர் பெட்டியின் நீளம் 3 மீட்டர். அச்சு, பெட்டியின் நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் பின்னால் உள்ளது. அச்சிலிருந்து 3 மீட்டர் முன்னால் இணைப்புக் கொக்கி. 3,000 கிலோவும் சீராகப் பரவியிருந்தபோது, பத்தில் ஒரு பங்கான 300 கிலோ கொக்கியின்மேல் நின்றது. அது தகுந்த அளவே. முதல் ஊரிலோ, வசதியை எண்ணிப் பின்கதவைத் திறந்து, கடைசி ஒரு மீட்டரில் இருந்த மூட்டைகளை மட்டும் இறக்கினார்கள். எஞ்சிய 2,000 கிலோவின் மையம் அச்சுக்கு 80 சென்டிமீட்டர் முன்னே போய்விட்டது. கொக்கியின்மேல் இப்போது ஏறத்தாழ 530 கிலோ! பாரம் குறைந்தது, முன்பாரம் கூடிற்று.

கொக்கி டிராக்டரின் பின்னச்சுக்கும் பின்னால் இருப்பதால், ஏற்றமரத்தின் ஒரு முனையை மிதிக்க மறுமுனை எழும்புவது போல, அச்சுமை முன்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும். மேட்டில் இழுக்கும்போது இது மேலும் மோசமாகும். கொக்கியை உயரத்தில் மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் நிற்க வேண்டுமென்பது பொது விதி. இதற்கென்றே முன்புறம் மாட்டும் இரும்பு எடைகள் சேற்றுழவின்போது கழற்றப்பட்டு, சங்கக் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. இருப்புப் பதிவேட்டில் அவை சரியாக இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விசாரணையின்போது ஒரு நிர்வாகி, அமெரிக்காவில் கார்களுக்குப் பின்னே டிரெய்லரைச் சமமாக இழுக்க ஏதோ கம்பிகள் பூட்டுகிறார்களாமே, அவற்றை வாங்கினால் என்ன என்று கேட்டார். உண்மைதான். கொக்கியிலிருந்து இரு எஃகு வில்கம்பிகள் பின்னோக்கிச் சென்று, டிரெய்லரின் முன்சட்டத்தோடு சங்கிலியால் இறுக்கப்படும். கொக்கியில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை அவை காரின் முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் பகிர்ந்தளிக்கும். டிரெய்லரை மாட்டுமுன் காரின் முன்புற உயரத்தை அளந்து, மாட்டியபின் அது எவ்வளவு எழும்பிற்று என்று பார்த்து, பழைய உயரத்தை நெருங்கும்வரை கம்பிகளை இறுக்குவார்கள். ஆனால் அது வில்பட்டையோ சுருள்வில்லோ உள்ள கார்களுக்கானது. நம் டிராக்டரின் பின்னச்சில் வில் கிடையாது. அவர்களுக்கும் அக்கம்பிகள் தவறாக ஏற்றிய பாரத்தைச் சரியாக்குவதில்லை. நாம் கடன் வாங்க வேண்டியது கம்பியை அன்று, அளந்து பார்க்கும் வழக்கத்தையே. எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் நிறுத்தி, டிரெய்லர் இல்லாமல் ஒருமுறையும் பாரத்தோடு ஒருமுறையும் எடை பார்ப்பது பெரிய செலவன்று.

வழியில் மூட்டை இறக்கினால், முன்னும் பின்னுமாகச் சம அளவில் இறக்க வேண்டும். அல்லது எஞ்சியதை அச்சின்மேல் நகர்த்தி அடுக்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுவதும் ஆபத்தே. கொக்கி மேலெழும்பி, டிராக்டரின் பின்சக்கரப் பிடி குறைந்து, இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்டும். மூட்டைகளை மாற்றி அடுக்க இரண்டு ஆட்களும் கால்மணி நேரமும் வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநருக்கு அக்கால்மணியை யார் கொடுக்கிறார்கள்? சுமைக்கூலிக் கணக்கில் ஏற்றுகூலி உண்டு, இறக்குகூலி உண்டு. மாற்றி அடுக்கும் கூலி எந்தச் சங்கத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஆகவே மேற்படி விபத்துக்கு ஓட்டுநர் பொறுப்பல்ல, ஏற்றியிறக்கும் முறையை வகுக்காத நிர்வாகமே பொறுப்பு என்பது என் அபிப்பிராயம். அறிக்கையிலும் அவ்வாறே எழுதியிருக்கிறேன். பிடித்தத் தீர்மானம் இன்னும் ரத்தாகவில்லை. வரும் பொதுக்குழுவில் அங்கத்தினர் எவரேனும் எழுந்து அதைப் பற்றிக் கேட்க வேண்டும்.